வாசல்ல குழாய் வந்துச்சு, தண்ணி வந்துச்சா? உங்க ஊர்க் கதையைச் சொல்லுங்க

வறட்டாறு:
ஜல் ஜீவன்னா வீட்டுக்கு வீடு குழாய்ல குடிநீர் தர்ற மத்திய அரசுத் திட்டம், நேரா கதைக்கு வந்துடறேன். கல்வராயன் மலையில எங்க சித்தி ஊர். வீட்டுக்கு வீடு ஒரு சிமெண்ட் கட்டை, நீல பெயிண்ட், மேல ஒரு பிளாஸ்டிக் குழாய். கணக்கெடுக்க ஒரு தம்பி போனோட வந்தாரு. சித்தியோட மாமியாரைப் பார்த்து, "பாட்டி, குடத்தோட குழாய்கிட்ட நில்லுங்க"ன்னாரு. "தண்ணி வரலையே சாமி." "போட்டோல தண்ணி தெரிய வேணாம் பாட்டி, குழாய் தெரிஞ்சா போதும்." ஆதார் நம்பரை எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. திட்டத்தோட விதியே என்ன சொல்லுது? ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், குடிக்கிற தரத்துல, தொடர்ந்து வந்தாத்தான் 'செயல்படும் இணைப்பு'. எங்க கட்டையில ஆடு கட்டியிருக்காங்க. பாட்டி இன்னமும் சுனைக்குத்தான் போகுது. அந்தப் பையன் மேல கோபம்கூட இல்ல, வெயில்ல நடந்து வந்தவன். ஆனா போட்டோன்னதும் பாட்டி முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டு நின்னுச்சு பாருங்க, அதை நெனச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி ஆகுது.

தொட்டிமேடு:
வறட்டாறு, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்துக்கும் கணக்கெடுக்கிறவனையே சொல்லிட்டு இருந்தா எப்படி? எங்கப்பா டேங்க் ஆபரேட்டர். கடைசித் தெருவுக்குத் தண்ணி ஏறலன்னு கிராம சபையில ஒருத்தர் எழுந்து கத்துனாரு, அப்பாவைத் திருடன்ற அளவுக்குப் பேசிட்டாரு. மறுநாள் ஊராட்சியில இருந்து ஆள் வந்தாங்க, அப்பாவும் கூடப் போனாரு, நானும் போனேன். ஒவ்வொரு வீடா லைன்ல மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்களான்னு பார்த்துக்கிட்டே வர்றோம். மொதல் நாள் கத்துனாரே, அவரோட மச்சான் வீடு. கொல்லையில கோழிக் கூடை கவுத்து வச்சிருக்கு. கூடைக்குள்ள இருந்து உய்ய்ய்ங்னு சத்தம். கோழி அப்படிக் கத்தாதுல்ல! எல்லாரும் சிரிச்சுட்டாங்க, எங்கப்பா மட்டும் சிரிக்கல. அவருக்குச் சம்பளமே அப்போ பாக்கி.

புதுசா பைப் போட காசு இருக்கு. கேட் வால்வு திறந்து மூடுற மனுஷனுக்குக் காசு வரும்போதுதான் எல்லாருக்கும் கை நடுங்குது.

தருமபுரி டீச்சர்:
தண்ணி வரலன்னு அழறீங்க, எங்களுக்கு வந்ததுதான் பிரச்சினை. ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி குடுத்தாங்க, நானும் போனேன். ஒரு பெட்டி, உள்ள சின்னச் சின்னப் புட்டி. ஃப்ளோரைடுக்கான திரவத்தை விட்டா நல்ல தண்ணின்னா இளஞ்சிவப்பு நிற்கும், ஃப்ளோரைடு கூடக் கூட மஞ்சளுக்குத் திரும்பும். புதுக் குழாய்த் தண்ணியைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க முன்னாடியே சோதிச்சேன். மஞ்சள். ஒப்பிட்டுப் பார்க்கற கலர் அட்டையில இருக்கற கடைசிக் கட்டத்தோட மஞ்சள். அனுமதிச்ச உச்சமே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான். ஒரு பையன் கேட்டான், "டீச்சர், எம் பல்லு கலர்ல இருக்கே, இது நல்லதா?" அவன் பல்லுல பழுப்புக் கோடு கோடா இருக்கும், ஃப்ளோரைடு கூடுனா பல்லு அப்படித்தான் ஆகும்.

விஷயம் என்னன்னா, புது லைனைக் கொண்டுவந்து எங்க பழைய போர்லயே இணைச்சுட்டாங்க. எங்க மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் இதுக்குன்னே ஜப்பான் கடனுதவியோட சுமார் 1,928 கோடியில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013ல திறந்தாச்சு. அந்தத் தண்ணி போற ஊர்ல பிள்ளைங்களுக்கு விடிவு வந்திருக்கு, அதை மறைக்க மாட்டேன். எங்க குக்கிராமம் மேட்டுல இருக்கு, அங்க வரைக்கும் அது ஏறல.

ஈச்சங்காடு:
டீச்சர், கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லலாமே? எங்க வீட்டுல அப்படித்தான்.

தருமபுரி டீச்சர்:
ஐயோ தம்பி, வேணாம். கொதிக்க வச்சா கிருமிதான் சாகும். தண்ணி ஆவியாப் போகும், ஃப்ளோரைடு அப்படியே அடியில நிற்கும். இருக்கறதைவிடக் கூடத்தான் செய்யும்.

சட்டப்படி:
எல்லாரும் புலம்புறீங்க, வழி சொல்றவங்களைக் காணோம். என் கதை சின்னது: எங்க மலைக்கிராமத்துக்குப் பைப் வந்து காட்டு எல்லையில நின்னுடுச்சு. அனுமதி இல்லன்னாங்க. தோண்டுன பள்ளம் மழையில மூடிக்கிச்சு. அவ்வளவுதான்.

இப்போ கவனமா படிங்க. 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)ல பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை மாதிரி பட்டியல் இருக்கு. அதுல குடிநீரும் தண்ணிக் குழாயும் வருது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரை வேணும். இதுக்கு டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்ல. நம்ம மாநிலத்துல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கும் கிராம சபை உண்டு, அன்னைக்குத் தீர்மானம் போடுங்க. மினிட்ஸ் நோட்டுல எழுதுனாங்களான்னு நின்னு பாருங்க. அடுத்தது பணம். ஜல் ஜீவன்ல மத்திய அரசு பாதி, நம்ம மாநிலம் பாதி. இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்குத்தான் 90க்கு 10. ஊருக்குள்ள நடக்கற வேலைச் செலவுல மக்கள் பங்கு 10 சதவீதம், மலை, காட்டுப் பகுதிக்கும் பாதிக்கு மேல பட்டியலின, பழங்குடி மக்கள் இருக்கற ஊருக்கும் 5 சதவீதம். பணமாத்தான் தரணும்னு இல்ல, பொருளாவோ உழைப்பாவோ தரலாம். நீங்க பள்ளம் தோண்டியிருந்தா அதைக் கணக்குல ஏத்தச் சொல்லுங்க. தொட்டிமேடு கேட்ட பராமரிப்புக்கும் வழி இருக்கு: 15வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்ட பணம். அதுல எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டிக் கேளுங்க. குடிநீர் சுகாதாரக் குழுன்னு ஊருக்கு ஒண்ணு இருக்கணும், பாதிப் பேர் பெண்கள். உங்க ஊர்க் குழுவுல யார் இருக்காங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. சில சமயம் உங்க பேரே அதுல இருக்கும்!

வறட்டாறு:
சார், ரொம்ப நன்றி. ஆனா நான் வழி கேட்கல. எங்க பாட்டிக்குக் கையெழுத்தே வராது, மினிட்ஸ் நோட்டை நின்னு பார்க்கச் சொல்றீங்க. சரி, அந்தச் சட்டமெல்லாம் இவ்வளவு தெரியுமே, உங்க பைப் ஏன் இன்னும் காட்டு எல்லையில நிக்குது?

பைப்புமாமா:
இந்தப் பேர் வந்த கதையைச் சொல்றேன். நான் சப் கான்ட்ராக்ட் எடுத்துப் பைப் பதிக்கறவன். ஒரு ஊர்ல பாதி வேலை முடிஞ்ச நேரம், பில் நின்னுடுச்சு. மேல இருக்கற கான்ட்ராக்டரைக் கேட்டா, "எனக்கே வரல"ன்னாரு. பொய் சொல்றாருன்னுதான் நினைச்சேன். அப்புறம் 2025 மத்திய பட்ஜெட் நியூஸ்ல பார்த்தா, ஜல் ஜீவனுக்கு 2024-25க்கு 70,163 கோடின்னு போட்டிருந்ததைத் திருத்தின மதிப்பீட்டுல 22,694 கோடிக்குக் கொண்டுவந்துட்டாங்க. அதே பட்ஜெட்ல, 2024ல முடிய வேண்டிய திட்டத்தை 2028 வரைக்கும் நீட்டியும் சொல்லிட்டாங்க. இதையெல்லாம் அந்த ஊர்க்காரங்ககிட்ட யார் போய்ச் சொல்றது? அவங்களுக்குத் தெரிஞ்சது என் மூஞ்சி மட்டும்தான். சுருள் சுருளாக் கருப்புப் பைப் புளியமரத்தடியில கிடக்குது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போக வேண்டியதாச்சு. பந்தியில உட்கார்ந்தா எதிர் வரிசையில ஒரு வாண்டு கையை நீட்டி, "அம்மா, பைப்பு மாமா!" மொத்தப் பந்தியும் திரும்புச்சு. பரிமாறுன அம்மா என் இலைக்கு வரும்போது தண்ணி ஜக்கைக் கையில வச்சுக்கிட்டு, "உங்களுக்கு ஊத்தவா, 2028ல ஊத்தவா?"ன்னுச்சு.

எனக்கும் சேர்த்துத்தான் சிரிப்பு வந்துச்சு. பொண்டாட்டி நகை அடகுல இருந்தது வேற விஷயம்.

தொட்டிமேடு:
பைப்புமாமா, அண்ணே, ஒண்ணு கேட்கவா. எங்க ஊர்ல கால் கட்டைவிரலால மண்ணைத் தள்ளுனாலே பைப் தெரியுது. டிராக்டர் போனா உடையுது. அதுவும் பட்ஜெட்டாலதானா?

பைப்புமாமா:
இல்ல தம்பி. அது பாறையைப் பார்த்ததும் பொக்லைன் வாடகைக்குப் பயந்தவன் வேலை. நான் அப்படிப் பதிச்சதில்ல, ஆனா பதிச்சவனுங்களைத் தெரியும்.

ஈச்சங்காடு:
டீச்சர், இன்னொரு சந்தேகம். எங்க ஊர்லயும் அந்தப் பெட்டி இருக்கு, ஊராட்சி ஆபீஸ் பீரோ மேல. ஃப்ளோரைடு புட்டி காலாவதி ஆயிடுச்சு. புதுசு எங்க வாங்கறது?

தருமபுரி டீச்சர்:
புட்டிக்காகக் காத்திருக்காதீங்க. மாவட்டத்துல அரசுத் தண்ணி ஆய்வகம் இருக்கும், பொதுமக்களும் சின்னக் கட்டணத்துல குடுத்துச் சோதிக்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணியால அலசிட்டுப் பிடிங்க. எந்தப் போர், எந்தத் தேதின்னு கேன் மேலயே எழுதி ஒட்டுங்க. ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, தாள் காணாமப் போகும்.