வளர்ந்த நாய்க்குக் கூண்டு: பழக்கலாமா, கூடாதா?

ஈரமூக்கு:
ஆள் இல்லாத நேரத்தில் வாசற்கதவைப் பிறாண்டும் 4 வயது நாய்க்குக் கூண்டு வாங்கலாமா என்று யார் கேட்டாலும், "வாங்குங்க, ஒரு வாரம் கத்தும், அப்புறம் பழகிடும்" என்ற பதில்தான் வருகிறது. இதை நான் அடியோடு மறுக்கிறேன். முதலில் சேதம் எங்கே என்று பாருங்கள். செருப்பு, தலையணை, குப்பைக்கூடை என்று அகப்பட்டதையெல்லாம் கடித்திருந்தால் பெரும்பாலும் அது பொழுது போகாத நாய். கதவு நிலை, ஜன்னல் ஓரம், தாழ்ப்பாளுக்குக் கீழே என்று வெளியேறும் வழியை மட்டும் தாக்கியிருந்தால் அது பயந்துபோன நாய். பயந்த நாயைக் கூண்டில் அடைத்தால் பயம் அப்படியே இருக்கும், மரத்துக்குப் பதில் கம்பியைக் கடிக்கும். கம்பியைக் கவ்வி இழுக்கும் நாயின் உதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லின் பின்பக்கத்தைப் பாருங்கள். எனாமல் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் பல் முழுசாகத்தான் தெரியும். பின்னால் மெலிந்துபோனதால் ஒருநாள் ஒடிந்துவிடும்.

தாழ்ப்பாள்:
பயந்த நாய்க்குக் கூண்டு வைத்தியம் இல்லைங்கிறதுல உங்களோட எனக்குச் சண்டையே இல்லை. அதை வெச்சு எந்த நாய்க்கும் கூண்டே வேண்டாம்னு முடிவு கட்டுறதுதான் தப்பு. முழங்கால் தசைநார் கிழிஞ்சு ஆபரேஷன் ஆன நாய் 6 முதல் 8 வாரம் குதிக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. முதுகுத்தண்டு டிஸ்க் விலகி, ஆபரேஷன் இல்லாம ஓய்வுலயே குணப்படுத்தணும்னா குறைஞ்சது 4 வாரம் கூண்டு. இதயப்புழுவைக் கொல்ல ஊசி போட்டா வாரக்கணக்குல ஓடவே விடக் கூடாது, செத்த புழு நுரையீரல் ரத்தக்குழாயில போய் அடைச்சுக்கும். இந்த நேரத்துல கூண்டை முதல் தடவையா பார்க்கிற நாய்க்கு வலியும் கூண்டும் ஒண்ணாச் சேர்ந்து மனசுல பதிஞ்சிடும். நல்லா இருக்கும்போதே பழக்கி வெக்கிறது அதுக்குச் செய்யுற உதவி.

மணிக்கழுத்து:
அளவு எப்படிப் பார்க்கிறது? ரொம்பப் பெரிசா இருந்தா ஒரு மூலையில சிறுநீர் போகும்னு சொல்றாங்களே?

தாழ்ப்பாள்:
அது குட்டிக்குச் சொல்ற கணக்கு. வீட்டுப் பழக்கம் வந்த வளர்ந்த நாய்க்குப் பெரிய கூண்டால ஒரு கெடுதலும் இல்லை. நாயை நிக்க வெச்சு மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் அளங்க, வால் நுனி வரைக்கும் வேண்டாம். அதோட குறைஞ்சது 10 செ.மீ. கூட்டுங்க. உயரத்துக்கு உச்சந்தலை, காது நிமிர்ந்த நாய்னா காது நுனி, அதுக்கு மேல 10 செ.மீ. லாப்ரடார் அளவு நாய்க்குப் பெரும்பாலும் 42 அங்குல நீளக் கூண்டு சரியா வரும். ஆனா நாய் காலை முழுசா நீட்டிப் பக்கவாட்டுல படுக்க முடியுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. நின்னு திரும்ப முடிஞ்சா போதும்ங்கிறது பயணத்துக்குச் சரி, தினமும் தூங்குற இடத்துக்குப் பத்தாது.

ஈரமூக்கு:
ஆபரேஷன் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் கூண்டு விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் "நாய் குகையில் வாழும் பிராணி" என்ற வாதத்தை இங்கே யாரும் கொண்டுவர வேண்டாம். ஓநாய் குகையைத் தேடுவது குட்டி போடவும் வளர்க்கவும்தான். வளர்ந்த ஓநாய் திறந்த வெளியில் தூங்கும். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கிறதே என்றால், அங்கே கதவு கிடையாது. நினைத்தபோது எழுந்து வரலாம். பின்லாந்திலும் சுவீடனிலும் பயணம், சிகிச்சை போன்ற தற்காலிகக் காரணம் இல்லாமல் வீட்டில் நாயைக் கூண்டில் பூட்டிவைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கேயும் நாய்கள் வீட்டுக்குள்தான் வளர்கின்றன.

தாழ்ப்பாள்:
கதவுதான் பிரச்சினைன்னா கதவுல இருந்தே ஆரம்பிப்போம். முதல் வாரம் கதவைக் கழட்டி வெச்சிடுங்க, இல்லைன்னா பின்னால மடக்கிக் கயிறு போட்டுக் கட்டுங்க. தானா ஆடி முதுகுல ஒரு தடவை இடிச்சா போதும், ரெண்டு வாரம் பின்னால போயிடும். சாப்பாட்டுத் தட்டை முதல்ல வாசல்லயே வைங்க, தலை மட்டும் உள்ளே போற மாதிரி. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சாண் உள்ளே தள்ளுங்க. பின்கால் வெளியே ஊன்றி, உடம்பை மட்டும் நீட்டி எட்டிச் சாப்பிட்டா அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம், தட்டை முன்னால இழுங்க. நாலு காலும் உள்ளே தளர்வா நின்னு சாப்பிட்ட பிறகுதான் கதவை மாட்டணும். சாப்பிடும்போது சாத்தி, சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள திறந்திடுங்க. அப்புறம் 10 விநாடி, 30 விநாடி, 1 நிமிஷம், 3 நிமிஷம், நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து. நேரம் எப்பவும் ஏறிக்கிட்டே போகக் கூடாது. 5 நிமிஷத்துக்கு அடுத்தது 20 விநாடியா இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் கஷ்டம் கூடினா நாய் அதைக் கண்டுபிடிச்சிடும், உள்ளேயே போகாது. பக்கத்து அறையில நீங்க இருக்க அது 30 நிமிஷம் நிம்மதியா படுத்த பிறகுதான் நீங்க வீட்டு வாசலைத் தாண்டணும்.

மணிக்கழுத்து:
உள்ளே இருந்து முனகினா? திறந்தா முனகுனா கதவு திறக்கும்னு கத்துக்காதா?

தாழ்ப்பாள்:
லேசான முனகல்னா 5 விநாடி அமைதி வர்ற வரை காத்திருந்து திறங்க. முனகும்போதே திறந்தா அடுத்த தடவை இன்னும் பலமா வரும்.

ஈரமூக்கு:
இந்த அறிவுரைதான் அதிகச் சேதம் செய்வது. கவனம் கேட்டு முனகுவதும் பயந்து முனகுவதும் வேறு வேறு. பயத்தில் கத்தும் நாயைக் காத்திருக்க வைத்தால் அது அமைதியைக் கற்றுக்கொள்வதில்லை. கத்திப் பயனில்லை என்று ஓய்ந்துபோகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உடம்பைப் பாருங்கள். வெப்பமில்லாத அறையில் மூச்சிரைப்பு, மார்பு முடி நனையும் அளவுக்கு எச்சில், பிடித்த தின்பண்டத்தையும் தொடாமல் இருப்பது, தரையில் ஈரமான பாதச்சுவடு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே திறந்துவிடுங்கள். அந்த ஒருமுறை திறந்ததால் ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிடாது. அடுத்த முறை நேரத்தைக் கால்வாசியாகக் குறையுங்கள்.

தாழ்ப்பாள்:
எச்சில், மூச்சிரைப்பு தெரிஞ்சா திறக்கணும்ங்கிறது சரி, நான் சொன்னதோட இதையும் சேர்த்தே படிங்க. லேசான முனகலுக்கு என் பதில் அதேதான்.

கூண்டுக்குள்ள நடக்கிற விபத்துல பாதி கவனக்குறைவுதான். கழுத்துப்பட்டையும் உடல்பட்டையும் கழட்டாம உள்ளே விடாதீங்க, வளையம் கம்பியில மாட்டினா நாய் உதறும், உதற உதறக் கழுத்து இறுகும். அடித்தட்டு தகரம்னா நகம் படும்போதெல்லாம் கிரீச்சுன்னு சத்தம் வரும், அதுக்கே பல நாய் உள்ளே வராது. அடியில ஒரு ரப்பர் விரிப்பும் மேல வழுக்காத விரிப்பும் போடுங்க. தட்டு வெளியே நழுவாம ரெண்டு இடத்துல கட்டிடுங்க. நழுவினா நாய் அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவுல காலை விட்டுக்கும். துணி போட்டு மூடினா ரெண்டு பக்கமாவது திறந்திருக்கணும். நாய் மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளியேத்துது, காத்து ஓடலைன்னா உள்ளே வேகும். சப்பை மூக்கு நாய்க்கு மூடவே வேண்டாம். ஒரு கூண்டுல ரெண்டு நாய் கூடவே கூடாது, எவ்வளவு சிநேகமா இருந்தாலும்.

ஈரமூக்கு:
நேரத்தைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. பகலில் எத்தனை மணி நேரம்?

தாழ்ப்பாள்:
நல்லாப் பழகின, ஆரோக்கியமான நாய்க்கு 4 மணி நேரம். போறதுக்கு முன்னால நடையும் சிறுநீரும் முடிஞ்சிருக்கணும், தண்ணீர் கம்பியில மாட்டுற கிண்ணத்துல இருக்கணும். ராத்திரி நீங்க அதே அறையில தூங்கினா அது வேற கணக்கு.

ஈரமூக்கு:
4 மணி நேரம் என்று எழுதினால் 9 மணி நேரம் என்று படிப்பவர்கள் அதிகம். வேலைக்குப் போய் வரும் நேரம் முழுக்கப் பூட்டிவிட்டு, ராத்திரியும் பூட்டினால் ஒரு நாளில் 17 மணி நேரம் ஆகிறது. அடக்க முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்து அதிலேயே கிடந்த நாய்க்கு, படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் இயல்பு உடைந்துபோகும். அதைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். 4 மணியைத் தாண்டுகிறவர்கள் ஒரு அறையை ஒதுக்கி வாசலில் தடுப்புக் கதவு போடுங்கள், அல்லது மடக்குத் தடுப்பால் ஒரு மூலையை வளையுங்கள். 25 கிலோ நாய்க்கு 1 மீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும், தாவும் நாய் என்றால் அதுவும் போதாது. குறுக்குக் கம்பி உள்ள தடுப்பு அதற்கு ஏணி, நெடுக்குக் கம்பியாகப் பாருங்கள். கூண்டைக் கதவு திறந்தபடி அதற்குள்ளேயே வைத்துவிட்டால் உங்கள் ஆபரேஷன் தேவைக்கும் பழக்கம் விட்டுப்போகாது.

மணிக்கழுத்து:
திறந்திருந்தா உள்ளே போய்த் தூங்குது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எழுந்து நிக்குது. இதுக்கு என்ன செய்யுறது?

தாழ்ப்பாள்:
சத்தத்தைத் தனியாப் பழக்குங்க. நாய் வெளியே உங்க பக்கத்துல இருக்கும்போது தாழ்ப்பாளை ஒரு தடவை தட்டுங்க, உடனே ஒரு துண்டு கறி. ஒரு வேளைக்கு 10 தடவை, 3 நாள். சத்தம் கேட்டதும் கதவைப் பார்க்காம உங்க கையைப் பார்க்குதா, அப்ப அது உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தாம தாழ்ப்பாளை மட்டும் அசைங்க.

ஈரமூக்கு:
அதோடு ஒரு பழைய கைப்பேசியைக் கூண்டுக்கு எதிரே வைத்துப் பதிவு செய்யுங்கள். நீங்கள் கிளம்பிய முதல் 30 நிமிடத்தை முழுதாகப் பாருங்கள், தனிமைப் பயம் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். நாய் நின்றபடியே இருந்தால் அடுத்த நாள் கதவைச் சாத்தாதீர்கள்.