‘தி டூ டவர்ஸ்’ படமும் தென்காசி ரோட்டு மரங்களும்

ஆலங்குளத்திலிருந்து:

புத்தகத்திலிருந்து எடுத்த இரண்டாம் பாகம் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையின் ‘தி டூ டவர்ஸ்’ தான் ஞாபகம் வரும். 2002-ல் வந்த படம். நான் பார்த்தது அதற்கப்புறம், சிடியில். மூன்றாம் பாகத்துக்கு 11 ஆஸ்கர் கிடைத்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டாவதோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு.

அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி. காலையும் சாயங்காலமும் தென்காசி ரோட்டில் ஒரு மணி நேரம் பஸ். இந்தக் கதையை எழுதின டோல்கீனின் அந்தத் தடித்த புத்தகத்தை அந்த பஸ்ஸில்தான் படித்து முடித்தேன், பையில் அகராதியும் இருக்கும். ட்ரீபியர்ட் வருகிற அத்தியாயத்தைப் படித்தபோது சீதபற்பநல்லூர் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே புளி, வேம்பு, மருது. புத்தகத்தில் 14 அடி உயரத்தில் ஒரு கிழவர், காட்டு மரங்களை ஆடு மாதிரி மேய்க்கிறவர். என்ட் என்று அவர் இனத்துக்குப் பெயர். அவசரமே கிடையாது. எங்க தாத்தாவும் அப்படித்தான். “சாப்ட்டியால” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கை கழுவிவிட்டு வந்துவிடுவேன்.

வண்ணார்பேட்டையில் சிடி எடுத்து, கூடப் படித்தவன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். 179 நிமிஷம். கால் வீசி நடந்துவரும் அந்த மரக் கிழவரைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. கிம்லி என்கிற கோடாலி வீரனாக நடித்த ஜான் ரைஸ் டேவிஸ்தான் அவருக்கும் குரல். நான் பஸ்ஸில் நினைத்துவைத்த அதே குரல்.

அப்புறம் வந்தது அந்தக் கூட்டம். புத்தகத்தில் என்டுகள் கூடி மூன்று நாள் பேசுகிறார்கள். அதற்கு முன்னாலேயே, சருமன் என்கிற கெட்ட மந்திரவாதியின் ஆட்கள் மரத்தை வெட்டிச் சாய்ப்பது ட்ரீபியர்டுக்குத் தெரியும். விதையிலிருந்து தெரிந்த மரங்கள் போச்சே, நான் சும்மா இருந்துவிட்டேனே என்று ஹாபிட்டுகள் என்கிற குட்டி மனிதர்களிடம் அவரே வருத்தப்படுகிறார். மூன்றாம் நாள் அவர்களாகவே முடிவெடுத்துக் கிளம்புகிறார்கள். இது நம் கடைசி நடையாகவும் இருக்கலாம் என்று தெரிந்தேதான் போகிறார்கள். படத்தில் என்ன செய்தார்கள்? போருக்கு வரமாட்டோம் என்று கூட்டம் கலைகிறது. பிப்பின் என்கிற ஹாபிட் வேறு வழியாகப் போகச் சொல்லிக் கூட்டிப்போய், வெட்டின இடத்தைக் கண்ணில் காட்டுகிறான். அப்போதுதான் ட்ரீபியர்டுக்கே தெரிகிறதாம். காட்டை மேய்க்கிறவருக்குத் தன் காட்டு ஓரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? நிதானமாக வருகிற கோபம்தான் அந்த அத்தியாயத்தின் உயிர். அதை எடுத்துவிட்டார்கள். குவிக்பீம் என்கிற இளைய என்ட், தன் ரோவன் மரங்களை வெட்டிப்போட்டதைப் பாட்டாகப் பாடுவான். அந்தப் பாட்டும் படத்தில் இல்லை.

ஃபராமிர் என்கிற படைத்தலைவனையும் மாற்றினார்கள். புத்தகத்தில், எல்லாரையும் ஆசைகாட்டிக் கெடுக்கிற அந்த மோதிரம் வழியில் கிடந்தாலும் தொடமாட்டேன் என்கிறவன், படத்தில் அதைச் சுமந்துபோகிற ஃப்ரோடோவை ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துக்கொண்டு போகிறான். அதுவும் வருத்தம்தான். மோதிரத்துக்கு அடிமையான கோலம் (Gollum) என்கிற பிராணி மட்டும் குறையே இல்லை. தனக்குத்தானே இரண்டு ஆளாகப் பேசுகிற அந்தக் காட்சிக்கு இணையாக இன்றுவரை நான் எதையும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பல வருஷம் எல்லாரிடமும் சண்டையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் ரோட்டை நாலுவழியாக்க ஆரம்பித்தார்கள். மரம் வெட்டப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். டீக்கடையில் பேசினோம். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு மனு எழுதவில்லை, யாரையும் போய்ப் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் பைக்கில் போகும்போது வழக்கமான நிழல் முகத்தில் விழவில்லை. வண்டியை நிறுத்தினேன். பஸ் ஸ்டாப் பக்கத்து மருது அறுபட்டுக் கிடந்தது. வெளிப்பட்டை சாம்பல் நிறம். பட்டை உரிந்த இடம் புதுப் புண் மாதிரி சிவந்திருந்தது, தொட்டால் கை ஈரமானது. வாள் அறுத்த தூள் என் செருப்பு முழுக்க. கையை எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

தெரிவது வேறு, கண்ணால் காண்பது வேறு. படத்தில் ட்ரீபியர்ட் அந்த வெட்டவெளியைப் பார்த்துவிட்டு அலறுகிறாரே, அந்தக் காட்சி அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது. இப்போதும் புத்தகத்தின் மூன்று நாள் கூட்டம்தான் சரி என்பேன். ஆனால் அந்த அலறலைப் பொய் என்று இனி சொல்லமாட்டேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, நீங்க எழுதினதப் படிச்சிட்டு எங்க ஆச்சிய நெனச்சிக்கிட்டேன். நான் புத்தகம் படிக்கல, படம் மட்டும்தான். டிவியில ஓடும்போது ஆச்சி பக்கத்துல உக்காந்திருந்தாவ. இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது. மரம் நடந்து வந்ததும், “இசக்கி இருக்க மரம்லா, அது சும்மா விடுமா” ன்னாவ. எனக்கு விளக்கவே வேண்டி இருக்கல. அணையை ஒடச்சி வெள்ளம் வரும்போது, தலையில தீப்பிடிச்ச ஒரு மரம் ஓடிவந்து தண்ணியில முங்குமே, அதுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாவ. எங்க வாய்க்கால் கரையில இசக்கியம்மன் நிக்கிற மரத்துல ஒரு கிளைய எறக்கணும்னாலும் தேங்கா ஒடச்சி உத்தரவு கேட்டுட்டுத்தான் அருவா வப்பாங்க. படம் எடுத்தவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு ஆச்சி ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தாவ.

ஆலங்குளத்திலிருந்து:

தங்கச்சி, ஆச்சி சொன்னது ரொம்பச் சரி. அது எழுதினவர் மனசிலேயே இருந்த ஆசைதான். பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ படிக்கும்போது காடு கிளம்பி வரும் என்று காத்திருந்து, கடைசியில் படைவீரர்கள் கிளைகளைத் தூக்கிக்கொண்டு வந்ததில் டோல்கீனுக்குப் பெரிய ஏமாற்றம். நிஜமாகவே மரங்கள் போருக்குப் போகிற மாதிரி எழுதவேண்டும் என்று அப்போதே தோன்றியதாக ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

முடிந்தால் ஆச்சிக்கு நீட்டித்த பதிப்பைப் போட்டுக் காட்டுங்கள். தியேட்டரில் ஓடின படத்தில் இல்லாத ஒரு காட்சி அதில் இருக்கிறது. ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டை முடிந்து, சருமனின் படையான ஓர்க்குகள் தப்பி ஓடுகிறார்கள். நேற்று வெறும் புல்வெளியாக இருந்த இடத்தில் காலையில் ஒரு காடு நிற்கிறது. உள்ளே போனவன் ஒருத்தனும் வெளியே வரவில்லை. இலை மட்டும் கொஞ்ச நேரம் ஆடுகிறது.