புதுப்பிப்பு: ஆட்டிசம் உள்ள மகனுக்கு வீட்டிலேயே பயிற்சி

மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம். தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி தந்தால் பலன் இருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆரம்பித்துவிட்டோம்.

உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. குளியல், சாப்பாடு என்று அன்றாட வேலைகளுக்குள்ளேயே பயிற்சி. பல் துலக்குவதுதான் பெரிய போராட்டமாக இருந்தது. இப்போது குளியலறைச் சுவரில் இரண்டு படங்கள்: முதலில் பிரஷ், அப்புறம் சோப்புக் குமிழி விளையாட்டு. படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறான்! பற்பசையின் காரமும் ஆகவில்லை போல; அதையும் மாற்றிவிட்டோம்.

வேண்டியதைக் கேட்க, அதன் படம் உள்ள அட்டையை நம்மிடம் நீட்டவும் பழக்குகிறோம். பட அட்டை பழகினால் பேச்சு வராதோ என்று பயந்தேன். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் அட்டையை நீட்டினால் "தண்ணி" என்று சொல்லியே கொடுக்கிறோம். அவன் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, ஆனால் அழாமல் அட்டையை நீட்டிக் கேட்கிறான்.

தெரபிஸ்ட் வரும்போது நீங்களும் கூடவே உட்காருங்கள். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம்தானே இருக்கிறது.