அரசுப் பள்ளிக்காகக் கேக் விற்கும் நாடு: பிரெஞ்சு நண்பர்களிடம் அமெரிக்காவை விளக்கிய அனுபவங்கள்

லியோனிலிருந்து:

நியூ ஜெர்சியில் பல ஆண்டுகள் குடியிருந்துவிட்டுப் பணி நிமித்தமாகப் பிரான்சின் லியோனுக்கு வந்தவன் நான். அதனால் அமெரிக்கர்களைப் பற்றிய ஐயம் எதுவானாலும் அலுவலக நண்பர்கள் என்னிடமே கொண்டுவருகிறார்கள். துப்பாக்கியைப் பற்றியும் மருத்துவச் செலவைப் பற்றியும்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்; அவ்விரண்டிலும் அவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதால் கேட்பதே இல்லை. எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு இசைக்கருவிகள் வாங்குவதற்காகப் பெற்றோர்கள் சனிக்கிழமைகளில் கேக் விற்றார்கள் என்று ஒருநாள் மதிய உணவின்போது போகிறபோக்கில் சொன்னேன். நீண்ட விவாதம் அதிலிருந்துதான் கிளம்பியது.

“அரசுப் பள்ளி என்கிறீர்கள், அரசு எங்கே போயிற்று?” என்று உடன் பணிபுரியும் பெண்மணி ஒருவர் கேட்டார். பிரான்சில் ஆசிரியர் என்பவர் தேசிய அளவிலான போட்டித் தேர்வில் வென்று அரசு ஊழியராகச் சேர்பவர். பாடத்திட்டத்தை வகுப்பது பாரிஸில் உள்ள அமைச்சகம். அமெரிக்காவிலோ பள்ளிச் செலவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது, பெரும்பாலான ஊர்களில் பள்ளிக் குழுவையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே வீட்டு விலை உயர்ந்த ஊரில் பள்ளியும் வளமாக இருக்கும். இது அநீதி என்றார் அவர். என் கருத்தும் அதுவே. ஆனால் பள்ளியைத் தங்களுடையது என்று பெற்றோர்கள் எண்ணுவதற்கும் அதே ஏற்பாடுதான் காரணம் என்பதையும் நான் மறைக்கவில்லை.

சுதந்திரம், தன்முயற்சி போன்ற பெரிய சொற்களால் இந்த இடத்தில் பயனில்லை, ஏனெனில் சுதந்திரம் பிரெஞ்சுக்காரர்களுடைய நகராட்சிக் கட்டடங்களின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. எனக்குக் கைகொடுத்தது 1791ஆம் ஆண்டு. குடிமகனுக்கும் அரசுக்கும் நடுவே தனிக்குழுக்கள் நிற்கலாகாது என்று கருதிய பிரெஞ்சுப் புரட்சியாளர்கள், அவ்வாண்டு ஜூனில் லெ ஷாப்பலியே சட்டத்தின் மூலம் தொழிலாளர்களும் தொழில்முனைவோரும் சங்கமாகத் திரள்வதைத் தடை செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், மக்கள் அமைதியாகக் கூடும் உரிமையைப் பறிக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றலாகாது என்ற விதி அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்தது. பிரான்சில் தொழிற்சங்கங்களுக்கு 1884இலும், பொதுவான சங்கங்களுக்கு 1901இலும்தான் சட்டம் வழிவிட்டது. இடையில், 1831இல் சிறைச்சாலைகளை ஆராய அமெரிக்கா சென்ற பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் தொக்வில், எதற்கெடுத்தாலும் சங்கம் அமைக்கும் அந்த மக்களைக் கண்டு வியந்ததை அலுவலக நண்பர்களே எனக்கு நினைவூட்டினார்கள்.

“ஆண்டிறுதியில் தீயணைப்பு வீரர்கள் நாள்காட்டியுடன் உங்கள் கதவைத் தட்டும்போது பணம் தருவதில்லையா?” என்று நான் கேட்டபோது மேசையில் சிரிப்பு எழுந்தது. பிரான்சின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் தன்னார்வலர்கள். அமெரிக்காவிலும் பெரும்பான்மையினர் அப்படித்தான். ஆனால் அந்தப் பெண்மணி விடவில்லை. நாள்காட்டிப் பணம் வீரர்களின் சங்கத்துக்குப் போகிறது என்றும், தீயணைப்பு வண்டியைப் பொதுப்பணத்தில்தான் வாங்குகிறார்கள் என்றும் திருத்தினார். மறுக்க முடியாத திருத்தம் அது.

பாரிஸிலிருந்து:

மேலே எழுதிய நண்பரின் அனுபவம் எனக்கும் உண்டு. நான் ஹூஸ்டனில் வளர்ந்து பிரெஞ்சுக் குடும்பத்தில் மணம் முடித்தவள். 2019 ஏப்ரலில் நோத்ர் தாம் பேராலயம் தீப்பற்றியபின் பெருஞ்செல்வர்கள் கோடிக்கணக்கில் நன்கொடை அறிவித்தபோது, வரிச்சலுகை கிடைப்பதால் அதில் பெரும்பகுதி நம் பணம்தானே என்று என் மாமனார் கொதித்தார். அப்படி நன்கொடை அறிவித்த செல்வர்களில் ஒருவரான பினோவின் குடும்பத்தார் அந்தச் சலுகையே வேண்டாமென்று சொன்ன பிறகும் அவர் சமாதானமாகவில்லை. மருத்துவமனைச் சுவரில் கொடையாளர் பெயர் பொறிப்பதை நான் நன்றியாகப் பார்த்துப் பழகியவள். அவர் அதை விளம்பரமாகப் பார்க்கிறார். எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பதை வாக்காளர்கள் முடிவு செய்யாமல் கொடுப்பவரே முடிவு செய்வதுதான் அவரை உறுத்துகிறது.

சுதந்திரதேவி சிலையின் பீடத்துக்காக 1885இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் புலிட்சரின் நாளிதழ் திரட்டிய நிதியைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள், பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. சிலைக்கே பிரெஞ்சு மக்களும் ஊர்களும் நன்கொடைதானே தந்தார்கள் என்று உடனே பெருமைப்பட்டவர், சற்று யோசித்துவிட்டு, “அப்போது இரு நாடுகளிலும் வருமான வரியே கிடையாதே, அம்மா” என்று முடித்துவிட்டார்.

துலூஸிலிருந்து:

என் அனுபவம் சிறியது. டெக்சாஸுக்குப் பயணப்பட்ட சக ஊழியர், உணவகத்தில் டிப்ஸ் வைப்பது விருப்பம்தானே என்று கேட்டார். இங்கே விலைக்குள்ளேயே சேவைக் கட்டணமும் அடக்கம் என்பதால் அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச மணிக்கூலி 1991 முதல் 2.13 டாலர்தான் என்றும், டெக்சாஸும் அதையே பின்பற்றுகிறது என்றும், டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலரை எட்டாவிட்டால் மட்டுமே மீதியை முதலாளி தர வேண்டும் என்றும் விளக்கினேன். அப்படியானால் அது கூலி, அன்பளிப்பு அல்ல என்றார். போன இடமெல்லாம் 20 சதவீதம் வைத்தாராம், ஒவ்வொரு முறையும் முதலாளியைத் திட்டிக்கொண்டே.