புதுப்பிப்பு: ‘லாபி’யைச் சீனம் பேசும் தோழிக்கு விளக்கியது

ஹோட்டல் முன்கூடமும் லாபி, அரசியல்வாதிகளிடம் ஆதரவு திரட்டுவதும் லாபி. இதைச் சீனம் பேசுகிறவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ‘கட்டடத்திலிருந்து தொடங்குங்கள்’ என்ற யோசனை. லண்டன் நாடாளுமன்றத்தின் சென்ட்ரல் லாபி படத்தைக் காட்டினேன். எட்டுப் பக்கக் கூடம். ஒருபுறம் காமன்ஸ் அவை, எதிர்ப்புறம் பிரபுக்கள் அவை. தொகுதிக்காரர் அங்கே பச்சை அட்டை எழுதிக் கொடுத்துத் தம் எம்.பி.யைப் பார்க்கக் கேட்கலாம். “ஓ, காத்திருந்து பேசும் இடமா!” என்றார் தோழி. அதோடு புரிந்துவிட்டது.

அமெரிக்க அதிபர் கிராண்டைப் பார்க்க ஹோட்டல் லாபியில் காத்திருந்தவர்களால் இந்த அரசியல் பொருள் பிறந்தது என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. அவர் 1869-இல்தான் அதிபரானார். அரசியல் பொருள் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது.

நான் எதிர்பாராதது சீனச் சொல்தான். கட்டடத்துக்கு ‘தாதாங்’, அரசியலுக்கு ‘யோஷுய்’. இரண்டுக்கும் ஒட்டே இல்லை. யோஷுய் பழைய சொல்: பழங்காலச் சீனாவில் நாடு நாடாகப் போய் மன்னர்களிடம் வாதாடிய சூ சின், சாங் யீ போன்றோரை நினைவூட்டுவது. அதன் இரண்டாம் எழுத்தை அந்த எழுத்தின் வழக்கமான உச்சரிப்பில் ‘ஷுவோ’ என்று படித்து நான் திருத்தப்பட்டேன், இங்கே ‘ஷுய்’. தைவானில் ‘க்வான்ஷுவோ’ என்றும் ஒன்று உண்டு, ஆனால் அதில் சிபாரிசு வாடை அடிக்கும். லாபிக்கு அதைப் போடாதீர்கள்.