ஜெர்மனிக்குப் படிக்கப் போக ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டலாமா?

கல்லிடைக்காரன்: தம்பி மெக்கானிக்கல் கடைசி வருஷம். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி, சிஜிபிஏ 7.8, அரியர் கிடையாது. அடுத்த அக்டோபரில் ஜெர்மனியில் எம்.எஸ். சேர வேண்டும் என்று நிற்கிறான். பாளையில் ஒரு கன்சல்டன்சியில் எல்லாம் முடித்துத் தர ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், முன்பணம் 50,000. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை இருக்கிறது, அதை வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. கட்டலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா?

பாளை அண்ணாச்சி: கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கள் தம்பி. என் மூத்தவனுக்கு நாங்களே செய்கிறோம் என்று இறங்கினோம். கடைசித் தேதி ஜூலை 15 என்று யாரோ சொன்னதை நம்பி இருந்துவிட்டோம். அவன் கேட்ட ஆங்கில வழிப் படிப்புக்கு மார்ச்சிலேயே கதவைச் சாத்தியிருந்தார்கள். ஒரு வருஷம் திண்ணையில் உட்கார்ந்தான். அந்த ஒரு வருஷத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

ஆகன்வாசி: அண்ணாச்சி, தேதியைப் பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் பார்க்காதது நம் தப்பு. அதற்கு ஒன்றரை லட்சம் அபராதமா? நான் வீரவநல்லூர்க்காரன், இங்கே ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் மூன்று வருஷமாகப் படிக்கிறேன். ஏஜென்டே இல்லாமல் வந்தவன்.

அந்த கன்சல்டன்சியில் முதலில் பல்கலைக்கழகப் பட்டியலைக் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் கமிஷன் வராது. அதனால் தனியார் கல்லூரிப் பெயர்களாக நீட்டுவார்கள், அங்கே ஃபீஸ் தனி. அப்புறம் ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் மார்க்கும் பட்டமும் உண்மைதான் என்று ஜெர்மன் தரப்பில் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து நம் ஊர் மாணவர்களுக்கு அது இல்லாமல் விசா விண்ணப்பமே நகராது. அதற்கான கட்டணம் 18,000 ரூபாயை நீங்கள்தான் கட்டப் போகிறீர்கள், மார்க்‌ஷீட்டையும் நீங்கள்தான் ஸ்கேன் பண்ணப் போகிறீர்கள்.

7.8 நல்ல மார்க்குதான். ஜெர்மன் கணக்குக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு: பத்திலிருந்து 7.8-ஐக் கழித்து, ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 2.32 வரும். அங்கே எண் குறையக் குறையத்தான் பெருமை. 2.5-க்குள் கேட்கும் படிப்புகளுக்குத் தைரியமாகப் போடலாம்.

பாளை அண்ணாச்சி: வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் சுலபம் என்றுதான் சொல்வீர்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இலவசம் என்ற பேச்சும் அப்படித்தான். பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. என் இளையவனுக்கு இதையெல்லாம் சொன்னதே ஏஜென்ட்தான்.

ஆகன்வாசி: அதை மறுக்கவில்லை. ஸ்டுட்கார்ட் அந்த மாநிலம்தான், ஆகன் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலை நேரம் போதும்.

இன்னொன்று, இதை எந்த ஏஜென்டும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்: இன்ஷியல். என் மார்க்‌ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் கட்டத்தில். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சென்னை போய், விசா கவுன்டரில் ஃபைலை நீட்டும்போதுதான் ‘இது ரெண்டும் ஒரே ஆளா?’ என்றார்கள். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி இரண்டாம் தடவை போனேன். தம்பியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முக்கூடல் அக்கா: நான் வங்கியில் கல்விக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றரை லட்சத்துக்கு இவ்வளவு சண்டை போடுகிறீர்கள், 12 லட்சத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. விசாவுக்கு, நினைத்தபோது எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் முடக்கக் கணக்கில் முதல் வருஷச் செலவு 11,904 யூரோவைக் காட்ட வேண்டும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சம் பக்கம் வருகிறது. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோதான் கைக்கு வரும்.

வங்கிகள் பெரும்பாலும் ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஜாமீன் இல்லாமல் தரும். அதற்கு மேல் போனால் பத்திரம் வேண்டும். நஞ்சையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கடன் நின்றுபோனால் அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே எடுக்க வங்கிக்கு வழிவிடும் 2002 சர்ஃபேசி சட்டத்தின் கீழ் விவசாய நிலத்தில் வங்கி கை வைக்க முடியாது. அதனால் மேனேஜர் பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் அப்பா பெயரில் இருக்கிறதா?

வி.கே.புரம் பையன்: அங்கே பார்ட் டைம் பார்த்தே கடனை அடைத்துவிடலாமாமே?

ஆகன்வாசி: வருஷத்துக்கு 140 முழு நாள்தான் அனுமதி. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கை கொடுக்கும். கடன் அடைப்பதெல்லாம் கோட்டிக்காரப் பேச்சு.

கல்லிடைக்காரன்: அக்கா கேட்டதும் பீரோவைத் திறந்தோம். வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அப்பா, சித்தப்பா, தென்காசியில் இருக்கும் அத்தை, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் கல்யாணத்திலிருந்து அத்தை எங்களோடு பேசுவதில்லை.

பாளை அண்ணாச்சி: இப்போதும் சொல்கிறேன், விண்ணப்பத்தை ஏஜென்டிடம் விட்டுவிட்டு நீங்கள் தென்காசிக்குப் போங்கள்.

முக்கூடல் அக்கா: முன்பணத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். அத்தை கையெழுத்து இல்லாமல் விசாவுக்குப் பணம் காட்ட முடியாது.

கல்லிடைக்காரன்: ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அப்பா வர மாட்டாராம். அம்மாவும் தம்பியும் நானும்.