ஸ்லீப்பில் கிடக்கும் லேப்டாப்பும் அந்த நேர்கோடும்

கரண்ட்கம்பி:
"லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டுவிட்டு சார்ஜரைச் செருகினால் சார்ஜ் சொட்டுச் சொட்டாக, விடிய விடிய ஏறும். பேட்டரிக்கு அதுதான் நல்லது. என் ஆப்பே காட்டுகிறது." இன்னொரு இழையில் பொறிவாணன் இப்படி எழுதி, கூடவே ஒரு படமும் போட்டிருக்கிறார். இரவு 11 மணிக்கு 43 சதவீதம், காலை 6 மணிக்கு 100, நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு. அதற்குக் கீழே "பயனுள்ள தகவல், நன்றி" என்று வரிசையாக ஆட்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோடு எதற்கும் ஆதாரம் இல்லை. எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்க நிலையில் சிபியு முழுசாக அணைந்து கிடக்கும், ரேமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும். அப்போது ஆப் எங்கே ஓடும்? 11 மணிக்கு ஒரு புள்ளி வைத்தது, 6 மணிக்கு எழுந்ததும் இன்னொரு புள்ளி வைத்தது, இரண்டையும் இணைத்துவிட்டது. செங்கல்பட்டில் வண்டியைப் பார்த்தேன், விழுப்புரத்தில் பார்த்தேன், ஆகவே நடுவில் ஒரே வேகத்தில்தான் வந்தது என்று சொல்வீர்களா?

மிஷின் தூங்கும்போது சார்ஜ் மெதுவாக ஏறவே ஏறாது. 65 வாட் அடாப்டர் என்று வையுங்கள். வேலை ஓடும்போது மிஷினே 25, 30 வாட்டைத் தின்றுவிடும். தூங்கும்போது அதன் பங்கு மிகவும் கொஞ்சம், அதனால் பேட்டரி கேட்கிற கரண்ட் தடையில்லாமல் கிடைக்கும். முதலில் நிலையான கரண்ட்டில் வேகமாக ஏறி, செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டேஜ் அங்கேயே நிற்க, கரண்ட் படிப்படியாகக் குறையும். அது வளைவாகத்தான் வரும். நேர்கோடாக வராது.

பொறிவாணன்:
என் பெயரைப் போட்டுத் தனி இழை திறந்ததற்கு நன்றி. நான் எலக்ட்ரிக்கல் படித்தவன். ஆப்பில் வந்ததைத்தான் போட்டேன், நானாக வரையவில்லை. நேர்கோடு வந்திருக்கிறது. வந்ததை வரவில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

அப்புறம், செங்கல்பட்டு தாண்டினால் எல்லா வண்டியும் மேல்மருவத்தூரில் நிற்காது. உதாரணம் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லுங்கள்.

கரண்ட்கம்பி:
வண்டி நிற்குமா நிற்காதா என்பதா இப்போது பேச்சு? நான் மேல்மருவத்தூர் என்ற பேரையே எடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சிபியு அணைந்து கிடக்கும்போது ஆப் எப்படி அளவெடுத்தது?

பொறிவாணன்:
சிபியு அணைந்தால் எல்லாமே அணைந்துவிட்டது என்று அர்த்தமா? அப்படியானால் ஸ்லீப்பில் சார்ஜிங் லைட் எரிகிறதே, நிரம்பியதும் நிறம் மாறுகிறதே, அதைப் பார்த்துக்கொள்வது யார்? ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. அதுதான் பதிவு செய்கிறது. கோடு அதிலிருந்து வருகிறது.

கரண்ட்கம்பி:
விழித்திருப்பது எம்பெடட் கன்ட்ரோலர், அதாவது போர்டில் பவரையும் சார்ஜையும் கவனிக்கிற தனிச் சின்னச் சிப். ரிப்பேர் பெஞ்சில் நாங்கள் ஐஓ ஐசி என்போம். ஐடிஇ, ஈஎன்ஈ, நுவோடன் கம்பெனிச் சிப்களைத்தான் அதிகம் பார்க்கலாம். அடாப்டர் செருகியிருக்கும்வரை எப்போதும் கரண்ட் இருக்கிற ஆல்வேஸ் 3 வோல்ட் லைனில் அது உயிரோடு இருக்கும், லேப்டாப்பை ஷட்டவுன் செய்தாலும்கூட. பேட்டரி பேக்குக்குள்ளே சார்ஜ் அளவைக் கணக்கு வைக்கிற ஃப்யூயல் கேஜ் ஐசி தனியாக ஒன்று, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ வரிசை மாதிரி. சின்ன ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்ட்டை அது விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். எம்பெடட் கன்ட்ரோலர் எஸ்எம்பஸ் என்ற தகவல் லைன் வழியாக அதைக் கேட்டு சார்ஜர் ஐசிக்கு உத்தரவு போடும்.

ஆனால் இது எதுவும் உங்கள் ஆப்புக்காக மணிக்கு மணி டைரி எழுதி வைப்பதில்லை. எழுந்ததும் "இப்போது எவ்வளவு?" என்று ஓஎஸ் கேட்கும், "100" என்று பதில் வரும், அவ்வளவுதான். நடுவில் நடந்தது ஆப்புக்குத் தெரியாது. நேர்கோடு பொய்.

பொறிவாணன்:
ஆக விழித்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள். போதும்.

சுந்தரி_ப:
நேர்கோடோ வளைவோ இருக்கட்டும். நான் ஆப்பில் 80 சதவீதத்தில் நிறுத்து என்று வைத்துவிட்டு மூடியை மூடினேன். காலையில் 100. எந்தக் கம்பெனி லேப்டாப் என்று சொல்லப்போவதில்லை. எல்லாம் உள்ளே விழித்திருக்கிறது என்கிறீர்களே, 80-இல் ஏன் நிற்கவில்லை?

திங்க்பேட்காரன்:
சுந்தரி மேடம், உங்கள் மாடலில் 80 என்ற கணக்கை வைத்திருப்பது ஓஎஸ்ஸில் ஓடுகிற சாஃப்ட்வேராக இருக்கும். அது தூங்கினால் நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. மேக்புக்குக்கு வருகிற, சார்ஜை எல்லையில் நிறுத்தும் சில லிமிட்டர் ஆப்கள், தூங்கப்போகும் முன்பே சார்ஜிங்கை அணைத்துவிட வசதி வைத்திருப்பது இதனால்தான். லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப்பில் அந்த எல்லை கன்ட்ரோலருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஷட்டவுன் செய்து போட்டாலும் 80-இல் நிற்கும். லினக்ஸில் சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட் என்ற ஃபைலில் எண்ணை எழுதினால் போதும். இதற்குத்தான் எப்போதும் திங்க்பேட் வாங்குங்கள் என்கிறேன்.

சுந்தரி_ப:
எந்த இழையில் போனாலும் கடைசியில் திங்க்பேட் வாங்கு. தலைவலி என்று எழுதினாலும் திங்க்பேட் வாங்கு என்பீர்கள் போல.

கரண்ட்கம்பி:
80 பற்றித் தனி இழை போடலாம். இங்கே விஷயம் நேர்கோடு.

பொறிவாணன்:
அதையேதான் நானும் சொல்கிறேன். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். 11 மணி 43, காலை 6 மணி 100. ஆப் சொன்னதையே மைக்ரோசாஃப்டும் சொல்கிறது.

கரண்ட்கம்பி:
அது சொல்வது இரண்டு முனையை மட்டும்! தூங்கப்போனது, எழுந்தது என்று நிலை மாறும்போது விழுகிற வரிகள் அவை. நடுவில் ஒரு வரியாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

இலந்தைக்குளம்:
அண்ணே, எல்லா லேப்டாப்பும் எஸ்3 கிடையாது. புதுசு நிறைய மாடர்ன் ஸ்டாண்ட்பை, அதாவது எஸ்0. அதில் மிஷின் அரைத்தூக்கத்தில் அவ்வப்போது விழிக்கும். விண்டோஸில் ஸ்லீப்ஸ்டடி என்ற தூக்க ரிப்போர்ட் எடுத்தால் ஒவ்வொரு தூக்கமாக விவரம் வரும். மேக்கிலும் பிஎம்செட் கட்டளை காட்டும் லாகில் டார்க்வேக் (ஸ்கிரீன் எரியாமல் விழிப்பது) என்று வரிகள் இருக்கும், பக்கத்திலேயே சார்ஜ் சதவீதமும் இருக்கும். அவருடையது எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

பொறிவாணன்:
பாருங்கள், அரைத்தூக்கம்! அப்படியானால் ஆப் ஓடியிருக்கலாம் இல்லையா?

கரண்ட்கம்பி:
அரைத்தூக்கத்தில் ஆப் அளந்திருந்தால் கோடு வளைந்திருக்கும். மணிக்கு ஒரு புள்ளி வைத்திருந்தால்கூட முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் விறுவிறுவென்று ஏறி, பிறகு 100-இல் தட்டையாகக் கிடந்திருக்கும். நேராக வந்திருப்பதே அது அளக்கவில்லை என்பதற்குச் சாட்சி. எத்தனை தடவை சொல்வது?

நான் இதற்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது ஏனென்றால், படத்தை நம்பி ஆட்கள் தினமும் ராத்திரி செருகிவிட்டு, மெத்தை மேலேயே லேப்டாப்பை வைத்துத் தூங்குகிறார்கள். மெதுவாக ஏறுவதால் பேட்டரிக்கு நல்லது என்று நினைப்பு. நடப்பது என்ன? நள்ளிரவு தாண்டியதும் நிரம்பிவிடும், மிச்ச இரவு முழுக்க 100-இல், உச்ச வோல்ட்டேஜில், சூட்டில் கிடக்கும். லித்தியம் செல்லுக்கு ஆகாத இரண்டும் ஒன்றாக. பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தின் அட்டவணையைப் பாருங்கள்: முழு சார்ஜில் 40 டிகிரியில் ஒரு வருடம் கிடந்த செல்லின் கொள்ளளவு 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் வைத்திருந்தால் 96. நிரம்பிய பிறகும் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது ஈய பேட்டரியில் உண்டு. லித்தியத்தில் அடியோடு இறங்கிப்போன செல்லை எழுப்பும்போதுதான் சின்னக் கரண்ட் விடுவார்கள்.

பொறிவாணன்:
ஈய பேட்டரி பற்றி நீங்கள் பேசாதீர்கள். இன்வெர்ட்டர் இழையில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம் என்று நான் சொன்னதற்கு என்னை ஓட ஓட விரட்டினீர்கள். மறக்கவில்லை. அந்தக் கோபத்தை இங்கே வந்து தீர்க்கிறீர்கள்.

கரண்ட்கம்பி:
ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

இலந்தைக்குளம்:
எங்கள் வீட்டில் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறோம், ஓடுகிறது.

கரண்ட்கம்பி:
ஓடும். எவ்வளவு நாள் ஓடும் என்பதுதான் கேள்வி.

சுந்தரி_ப:
சரி, போனில் என்ன கதை? ஆண்ட்ராய்டில் டோஸ் என்ற பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி வந்த பிறகு ராத்திரியில் பேட்டரி ஆப்பெல்லாம் செத்துவிடும் என்கிறார்கள். அதனால்தான் அதிலும் கோடு நேராக வருகிறதோ?

திங்க்பேட்காரன்:
டோஸ் 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. சார்ஜரைப் பிடுங்கி, ஸ்கிரீன் அணைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். சார்ஜில் இருக்கும்போது டோஸ் கிடையாது. பழியை அதன் மேல் போட முடியாது.

கரண்ட்கம்பி:
ஐபோனில் இன்னும் தெளிவு. 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்த ஆப்டிமைஸ்ட் சார்ஜிங், 80 வரை ஏற்றி நிறுத்திவிட்டு, நீங்கள் எழுகிற நேரத்தைக் கணக்குப் போட்டு மிச்சத்தை ஏற்றும். அங்கேயும் நேர்கோடு இல்லை.

பொறிவாணன்:
நான் லேப்டாப் படம் போட்டேன், நீங்கள் ஐபோனைக் காட்டுகிறீர்கள். என் படத்தில் நேர்கோடு இருக்கிறது. இல்லை என்று நிரூபியுங்கள்.

கரண்ட்கம்பி:
நிரூபிக்க வேண்டியது நீங்கள். வழியும் சொல்கிறேன். உங்களுடையது டைப் சி சார்ஜர் என்று படத்திலேயே தெரிகிறது. சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே போடுகிற டைப் சி பவர் மீட்டர் கிடைக்கும், பதிவு செய்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். லேப்டாப் தூங்கினாலும் மீட்டர் தூங்காது. ஒரு ராத்திரி போட்டு வைத்து, மணிவாரியாக வாட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். விடியும்வரை ஒரே வாட் ஓடியிருந்தால் நான் இந்த இழையில் வாயே திறக்க மாட்டேன்.

பொறிவாணன்:
உங்கள் சந்தேகத்துக்கு நான் ஏன் மீட்டர் வாங்க வேண்டும்? பெஞ்ச் வைத்திருப்பவர் நீங்கள். உங்கள் மீட்டரில் போட்டுப் பாருங்கள்.

கரண்ட்கம்பி:
என் மீட்டரில் போட்டால் "உங்கள் லேப்டாப் வேறு, என் லேப்டாப் வேறு" என்பீர்கள்.

பொறிவாணன்:
வேறுதானே?

திங்க்பேட்காரன்:
என்னிடம் மீட்டர் இருக்கிறது. திங்க்பேடில் போட்டுக் காட்டட்டுமா?

சுந்தரி_ப:
வேண்டாம். என் 80-க்கு யாராவது பதில் சொல்லுங்கள்.